பேக்கர் என்று ஆடியவன்

கொட்டகைக் கதவைக் கழற்றி, அதன்மேல் அவனைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே தனியாகத் தொங்கியது.

டாக்டர் கால்சட்டையைக் கிழித்துப் பார்த்தார். காலை எடுத்தாக வேண்டும், இருட்டுவதற்குள் எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். ஆனால் வீட்டார் கையெழுத்து இல்லாமல் கத்தியைத் தொடமாட்டாராம்.

யார் வீட்டார்? அவன் ஆடிய எதிரணியின் தலைவன் விழித்தான். ‘பேக்கர்’ என்று சொல்லிக்கொண்டு வந்தான், வேறெதுவும் தெரியாது என்றான்.

பொய்ப் பெயர்தான். பந்தைக் கையில் அணைத்து ஓடி, மோதிச் சாய்க்கும் எங்கள் ஃபுட்பாலை ஞாயிற்றுக்கிழமை காசுக்கு ஆட வரும் கல்லூரிக்காரர்கள் யாரும் சொந்தப் பெயரில் ஆடுவதில்லை. தெரிந்தால் திங்கட்கிழமையே படிப்புக்கு முழுக்கு. நாங்களும் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் ஒஹையோவில் பேக்கர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

மோதிச் சாய்த்தவன் நான். ஏழு வருஷமாக அதற்குத்தான் எனக்குக் கூலி. ஆட்டம் என்றால் அப்படித்தான் என்று எதிரணித் தலைவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே பத்திரிகைக்காரன் காத்திருந்தான். வாயைத் திறந்தால் நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். மூடிக்கொண்டிருந்தால் இவன் பிழைக்கமாட்டான்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"பேரு மாத்தூஷ் ஹ்ரின்கோ. என் தம்பி. அப்பா அம்மா இல்ல, நான்தான் எல்லாம். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

எதிரணித் தலைவன் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

இரும்பாலை உலைக்கு முன்னால் ஒன்பது வருஷம் வெந்தேன். ஞாயிறுதோறும் இந்தச் சேற்றில் புரண்டேன். அவனாவது படிக்கட்டும் என்றுதான். ரயிலேற்றும்போது, பந்தைத் தொட்டால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

டாக்டர் பேனாவைக் கொடுத்தார். "தலையில தோல் தொப்பி, மூஞ்சி பூரா சேறு. உனக்கு எப்படிப்பா அடையாளம் தெரிஞ்சிருக்கும்?" என்றார். நல்ல மனுஷன்.

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வந்தவன், பத்தடி தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டான். மாட்டிக்கொண்டபோதெல்லாம் சிரிப்பானே, அதே சிரிப்பைச் சிரித்தான்.

அதன் பிறகுதான் நான் வேகம் எடுத்தேன்.