வடக்குப் பள்ளியின் பெஞ்சுகள்

ரயில் பாதைக்கு வடக்கே இருந்த நகராட்சிப் பள்ளியில் எல்லா வகுப்பிலும் பெஞ்சு உண்டு. தெற்கே இருந்த நகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்து படித்தார்கள். அதிகாரி பார்வையிட வருகிற அன்று காலை, தெற்குப் பள்ளி வாசலில் பதினைந்து பெஞ்சுகளோடு நகராட்சி லாரி வந்து நின்றது. எட்டு வருடமாகப் பெஞ்சு கேட்டு மனு எழுதிவந்த தலைமையாசிரியை அருள்மொழிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பெஞ்சைக் குனிந்து பார்த்தார். அடியில் வடக்குப் பள்ளியின் பெயர் இருந்தது.

"இதெல்லாம் எங்களுக்கே குடுத்ததா?" என்று டிரைவர் சகாயத்திடம் கேட்டார்.

"இறக்கச் சொன்னாங்க, இறக்கிட்டேன் டீச்சர்." சகாயம் அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார்.

"அப்புறம் ஏன் வண்டி இன்னும் நிக்குது?"

"சாயங்காலம் வரைக்கும் இங்கனயே நிக்கச் சொல்லியிருக்காங்க."

பெஞ்சுகளை ஐந்தாம் வகுப்பில் போட்டார்கள். மதியத்துக்கு மேல் அதிகாரி வந்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கார் தெருமுனையில் திரும்பியதும் சகாயம் லாரியின் பின்கதவைத் திறந்தார்.

அருள்மொழி வகுப்புக்குள் போனார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றார். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு ஒன்றை எழுதினார்.

நான்கு மணிக்குப் பள்ளி மணி அடித்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. வாசலில் நின்ற சகாயத்தின் செல்போன் விடாமல் அடித்தது.

"டீச்சர், பெஞ்சைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லி ஆபீஸ்லருந்து கூப்பிடுறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அருள்மொழி அடுத்த கணக்கை எழுதினார். முப்பது தலைகள் நோட்டுகளின் மேல் குனிந்தன. சகாயம் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"சார், வகுப்பு இன்னும் முடியல."