ஞானஸ்நானப் பெயர்

சூனா எனக்குத் தர வேண்டியது பன்னிரண்டாயிரத்து நானூறு எஸ்குடோ.

அவன் விடுதிக்குக் கருங்கல் சுமந்து மதில் கட்டிய கூலி. கேட்கும்போதெல்லாம், “அடுத்த குரூப் வரட்டும் மச்சான்” என்பான். குரூப் வரும், போகும். நான் மச்சானாகவே இருப்பேன்.

நாளை சிமெண்ட் லாரி மலைக்கு வருகிறது. ரொக்கம் கொடுத்தால்தான் மூட்டையை இறக்குவார்கள். புது வீட்டுக்குச் சுவர் நிற்கிறது, மேலே தார்ப்பாய். மழை தொடங்கிவிட்டது. கூரை போடாவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லி என் மனைவி பியா துணிமணியை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள்.

ஆகவே பழைய வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏணி தேவையில்லை. எரிமலை கக்கிய நெருப்புக் குழம்பு வாசலையும் ஜன்னலையும் மூடிக் கல்லாக உறைந்தபின், என் கூரை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

சூனா சுற்றுலா வழிகாட்டி. ஆறு பேர், எட்டு பேர் என்று சின்னக் கூட்டமாகத்தான் கூட்டி வருவான். சின்னக் கூட்டத்துக்கு விலை அதிகம். காலையில் எரிமலை, மதியம் ஒயினும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும், கடைசியில் என் வீடு. எரிமலையைப் பார்த்து யாரும் அழுவதில்லை. வீட்டைப் பார்த்து அழுவார்கள். அழுதால்தான் கை பைக்குள் போகும்.

வெள்ளைக்காரர்கள் முன்னால் அவன் நழுவ முடியாது என்பது என் கணக்கு.

வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் புளித்தது. ஆனாலும் பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டான். கை வானத்துக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, கடைசியில் என் காலடியைக் காட்டியது. ஆறு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

மரியாதை எனக்குத்தான் என்று நினைத்து நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அவர்களில் ஒரு அம்மா, எங்கள் தீவிலிருந்து பிரான்சுக்குப் பிழைக்கப் போனவர்களின் மகள். எங்கள் பேச்சிலேயே சொன்னாள்.

“பெரியவரே, கொஞ்சம் இறங்குங்க. சமாதி மேல உக்காரலாமா?”

“யாரு சமாதிம்மா?”

“இந்த வீட்டுக்காரரோடது. ஆட்டைக் காப்பாத்த உள்ள ஓடினாராமே. இன்னும் உள்ளதான் இருக்காராம். உங்களுக்கு அவரைத் தெரியாதா?”

“தெரியும். ரொம்ப நெருங்கின பழக்கம்.”

அந்த நெருப்புக் குழம்பு ஓடி வரவில்லை. நிறைமாதக்காரி மாதிரி நடந்து வந்தது. கதவு, ஜன்னல், கோழி, கக்கூஸ் பீங்கான் வரை கழற்றிக்கொண்டு போக நேரம் கொடுத்தது. ஊரில் ஒருவரும் சாகவில்லை. சுற்றுலாவுக்கு அது பத்தாது என்று சூனா ஒருவனைச் சாகடித்திருக்கிறான். செத்தவனுக்கே கூலி பாக்கி என்பது அவனுக்கு இன்னும் வசதி.

இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“சூனா, காசு.”

“செத்த வீட்ல வந்து காசு கேக்குறியே, வெக்கமா இல்ல?” என்றான், உதடு அசையாமல்.

அந்த அம்மா ஜெபமாலையை எடுத்தாள். “ஒரு ஜெபம் சொல்லிடலாம். அவர் பேரு என்ன?”

சூனா தன் கதைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

“எவரிஸ்தோ லோபெஸ்.”

எங்கள் ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று. சூனா என்று சொல்லிச் சாமியார் இவன் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. எவரிஸ்தோ லோபெஸ் என்று சொல்லித்தான் ஊற்றினார்.

உயிரோடிருப்பவன் பெயரைச் சொல்லி இறந்தவர் ஜெபம் படிப்பதை எங்கள் ஆட்கள் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நாலு மொழி பேசும் சூனாவும்தான்.

“எவரிஸ்தோ லோபெஸின் ஆன்மா சாந்தியடைய...”

ஆறு பேரும் மண்டியிட்டார்கள். அந்தக் கல் முட்டியைக் கிழிக்கும். விலை கொடுத்து வந்தவர்கள், அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

சூனாவுக்கு வியர்த்தது. “நிறுத்தச் சொல்லு மச்சான்.”

“செத்த வீட்ல எப்படிடா நிறுத்தச் சொல்றது?”

இடுப்புப் பையைத் திறந்தான். தாள் தாளாக என் உள்ளங்கையில் வைத்தான். அவள் மூச்சு விடாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் வந்து சேர்ந்தபோது, “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” என்ற கடைசி வரிக்கு அவளும் வந்துவிட்டாள்.

“நானூறு குறையுது.”

“சில்லறை இல்ல. எங்கம்மா மேல சத்தியம், நாளைக்குத் தர்றேன்.”

“நாளைக்கு நீ இருக்கணுமே.”

அவன் கண் கலங்கிவிட்டது. மண்டியிட்டிருந்தவர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். வழிகாட்டிக்கு எவ்வளவு இளகிய மனசு.

நானூறைத் தள்ளுபடி செய்தேன். ஆமென் வருவதற்குள் கையை உயர்த்தினேன்.

“அம்மா, மன்னிக்கணும். பேரைத் தப்பாச் சொல்லிட்டேன்.”

ஆறு தலைகளும் நிமிர்ந்தன. செத்தவன் ஒருவன் இல்லாமல் அவர்கள் எழுந்திருக்கப் போவதில்லை. வேறு யார் பெயரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் மற்ற யாரும் எனக்குப் பாக்கி இல்லை.

“குஸ்தோதியோ பீரெஸ்,” என்றேன். என் பெயர்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். நான் பணத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினேன்.

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் சூனா.