முதலில் கையெழுத்து

"கையெழுத்தை முதல்ல போட்டுடணும். நிரப்புறதைச் சாவகாசமா பார்த்துக்கலாம்" என்றார் தலைவர்.

சுற்றுலாக் குழுவில் பதினெட்டுப் பேர். வெளிநாட்டு விமான நிலையத்தில் ஆளுக்கொரு படிவம். ஒவ்வொன்றிலும் குழுத் தலைவர் கையெழுத்து வேண்டும். வெற்றுப் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு மடமடவென்று போட்டுத் தள்ளினார். கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வால் கிளம்பி, இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும்.

"பார்க்காமலேயாப்பா போடறீங்க?" மகள் சிரித்தாள்.

"சர்வீஸ்ல முப்பது வருஷப் பழக்கம்மா. காலையிலேயே ஒரு கட்டு போட்டு வெச்சுடுவேன்."

சோதனை மேஜையில் அதிகாரி, குழுவில் வந்திருந்த தையல்காரம்மாவின் பையைக் கிளறி ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். அவள் டாக்டர் கடிதத்தை நீட்டினாள். தனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, விளக்கிச் சொல்லலாம் என்று தலைவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எச்.ஐ.வி.யா!"

குழு மொத்தமும் திரும்பியது. அதிகாரியோ படித்தார், தலையாட்டினார், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

"இதை மறைச்சா வந்தீங்க?" தலைவர் பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் எடுத்தார். "இது குழு விசா. பட்டியல்ல பேர் இல்லேன்னா இங்கேயிருந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. அடிச்சுடறேன்."

"பக்கத்துல இருந்தா ஒட்டாதுன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

"ஒட்டாதும்மா. ரத்த வங்கிக்காரன், எனக்குத் தெரியாதா? ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்ல! நீ போய்ப் பெட்டியை எடு."

மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

தையல்காரம்மா பட்டியலின் மேல் கையை வைத்து மறித்தாள். "வெளியே என் பையன் நிக்கறான் சார். பார்த்து நாலு வருஷமாச்சு. அவனைப் பெத்தப்பதான் எனக்கு ரத்தம் ஏத்தினாங்க. ஏத்தினதுமே குளிர், நடுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு. ஒத்துக்கலைன்னு ஊசி போட்டாங்க. அது அடங்கிடுச்சு. இது அடங்கலை."

"எல்லாரும் சொல்ற கதைதான். சோதிக்காம நாங்க ஒரு பையைக்கூட வெளியே விட்டதில்லை!"

அவள் கடிதத்துக்கு அடியிலிருந்து, ரத்தம் ஒத்துக்கொள்ளாததற்கு அத்தாட்சியாக எங்கும் கொண்டுபோகும் பழைய நகல் ஒன்றை உருவிக் காட்டினாள். அன்றைக்கு அந்த ரத்தப் பையில் ஒட்டியிருந்த சீட்டு. 'பரிசோதிக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து.

நீளமாக ஒரு வால். இரண்டு சுற்று.

தலைவரின் கையிலிருந்து பேனா நழுவியது.

"எப்... எப்போ தெரிஞ்சுது?"

"இப்பதான் சார். ஃபாரத்தைக் கையில கொடுத்தீங்களே, அப்போ."

பெட்டியோடு மகள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தையல்காரம்மா அவசரமாகச் சீட்டை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"உங்க பொண்ணு பக்கத்துல இருந்தா. அதான் வாயைத் திறக்கலை."