மாதாவின் வலது பாதம்

"சபையோர் யாவருக்கும் அறிவிப்பது! இத்தாலியில் வார்த்துப் பொன்முலாம் பூசிய, ஐந்நூறு வருஷப் பழமையான நம் மாதா சுரூபம், கோபுரத் திருப்பணிக்காக விற்பனைக்கு வருகிறது." கோயில் கமிட்டித் தலைவர் மொறாயிஸ் மைக்கில் முழங்கினார்.

பிலோமினாள் கூட்டத்தை விலக்கி முன்னே வந்தாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவேண்டி, தினமும் அந்த வலது பாதத்தை முத்தமிடுகிறவள் அவள்.

வாங்க வந்தவர் பாதத்தைத் தடவிப் பார்த்தார். "முலாம் இங்க மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. ஐரோப்பிய ராணிகள் முத்தமிட்ட அடையாளம். இதுக்குத்தான் விலையே!"

"ராணியுமில்ல, ஒண்ணுமில்லய்யா. இத்தன வருசமா நான் முத்தி செஞ்சு தேஞ்சதுல்லா!" என்றாள் பிலோமினாள்.

தலைவர் பல்லைக் கடித்தார். "ஏட்டி, வாய மூடு. ராணியாவே இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் அதே இடத்தில் புது பிளாஸ்டர் மாதா நின்றாள். பிலோமினாள் வழக்கம்போல் குனிந்து முத்தமிட்டாள்.

பெயிண்ட் இன்னும் காயவில்லை.