இசைப்பிரியாவின் நண்பகல்

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. வண்டியின் பழைய ஏசி கம்ப்ரசரின் போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்ததில், ஒன்பது மணிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. ராயப்பன் போன வாரம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப் அது. ஏசி வண்டியாகப் பார்த்து வாங்கியதே மகள் இசைப்பிரியாவுக்காகத்தான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறவியிலேயே வேர்க்காது. வெயில் ஏறினால் உடம்பு கொதித்துவிடும். பகலெல்லாம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே கிடப்பவள், விடியலில் அடம்பிடித்துக் கூட வந்துவிட்டாள். இப்போது முகம் சிவந்து பெஞ்சில் சாய்ந்திருக்கிறாள். ராயப்பன் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான்.

“இன்னும் எவ்ளோ நேரம்மா?” அவன் கேட்கிறான்.

“காஸ் ஏறிக்கினு இருக்குதுங்க. பாப்பாவ வண்டிக்குள்ள உக்கார வைங்க,” என்கிறாள் மெக்கானிக் செந்தாமரை.

புதுக் கம்ப்ரசர் ‘டக்’கென்று பிடிக்கிறது. என்ஜின் ஒரு கணம் திணறிச் சீராகிறது. முதலில் தூசி வாடையோடு சூடான காற்று. பிறகு மெல்ல மெல்லக் குளிர். செந்தாமரை கிரீஸ் படிந்த விரல்களை அதில் நீட்டிப் பார்த்துவிட்டு, ராயப்பனையும் ஏறச் சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். பிள்ளையின் கன்னத்துச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. அவள் நெற்றியைக் கண்ணாடியில் பதித்து வெளியே பார்க்கிறாள். ரோட்டில் கானல் ததும்புகிறது. தூரத்தில் ஒரு கம்பெனி பஸ், சக்கரமே இல்லாததுபோல் அதில் மிதந்து வருகிறது.

“அப்பா, மத்தியானத்துல ரோடு இப்டியா இருக்கும்?”

இருபது வருடமாக வண்டி ஓட்டும் அந்த ரோட்டை ராயப்பனும் அவளோடு சேர்ந்து பார்க்கிறான்.