ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டும்

“ஐயா, இந்த சிஸ்டத்துல அந்த கேம் ஓடவே ஓடாதுங்க.”

மோகனப்பிரியா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

சின்னுசாமி அந்தக் கம்ப்யூட்டர் கடையை விட்டு நகர்வதாக இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். இனி ஓடாது என்று ஒரு வண்டியையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. அடுத்தவர் அப்படிச் சொன்னால் அவருக்கு அது காதில் ஏறுவதும் இல்லை.

“ஓட வைக்கோணும் அம்மிணி. வர்ற ஞாயித்துக்கெழமை டீமுல எல்லாரும் புதுசுக்கு மாறிடறாங்க.”

டீமா? மோகனப்பிரியா அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தாள். பின்னால் ஸ்டூலில் அவர் மனைவி வசந்தாமணி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேரனுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதை விரட்டிவிட்டு நிலவரத்தைப் பொறுமையாக விளக்கினாள். புது கேமுக்குப் புது விண்டோஸ் வேண்டும். புது விண்டோஸ் இந்த பிராசஸரில் ஏறாது. பிராசஸரை மாற்றலாம் என்றால் மதர்போர்டு ஒத்துக்கொள்ளாது. மதர்போர்டையும் மாற்றினால் பழைய ராம் அதில் உட்காராது. இது போதாதென்று கேம் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்கிறது. அந்தக் கார்டு இழுக்கிற கரண்டுக்கு இந்த பவர் சப்ளை காணாது. கார்டின் நீளத்துக்கு இந்தப் பெட்டியே காணாது.

சின்னுசாமி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார்.

“அப்ப ஹாரன் மாத்த வந்தவன லாரியவே மாத்தச் சொல்றீங்க.”

“மவுஸ் இதே இருக்கட்டுமுங்க” என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

“செரி, மாத்திருங்க.”

இவ்வளவு சுலபமாகத் தலையாட்டிய ஒருவரை அந்தக் கடை பார்த்ததில்லை. மோகனப்பிரியாவுக்கே மனசு கேட்கவில்லை. பேரனை செல்போனில் விளையாடச் சொல்லலாமே என்று இழுத்தாள்.

“எந்தப் பேரன்?” என்றார் வசந்தாமணி. “இவருதானுங்க ஆடறாரு.”

மறுநாள் சாயங்காலம் எல்லாம் தயாரானது. ஓட்டிப் பார்க்காமல் எடுத்துப் போக மாட்டேன் என்று சின்னுசாமி பிடிவாதமாகச் சொன்னார்.

நாற்காலியை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். இரும்போடு பழகிய விரல்களால் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று அமுங்கின. திரையில் அவருடைய சிப்பாய் நேராக ஓடிப் போய் ஒரு சுவரில் முட்டி, அங்கேயே நின்று ஓடிக்கொண்டிருந்தான்.

“ஏனுங், சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க! செவுத்துக்குப் பொறத்தால ஒருத்தன் நிக்கறான்!” வசந்தாமணி ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார்.

சின்னுசாமி திரும்பினார். சுட்டார். எதிரி விழுந்தான்.

பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர்கூடக் கை தட்டினார்.

மோகனப்பிரியாவுக்கு சந்தோஷம் பிடிபடவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே படியேறுகிறவர்களைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். அலமாரியில் இருந்து ஒரு ஹெட்போனை எடுத்து, கடையின் அன்பளிப்பு என்று அவரிடம் நீட்டினாள். வாய்க்கு நேராக வருகிற மைக்கும் அதில் இருந்தது.

அவர் அதைத் தலையில் மாட்டிக்கொண்டார். சத்தம் துல்லியமாகக் கேட்டதில் முகம் மலர்ந்தது. பிறகு உதட்டருகே நீட்டிக்கொண்டிருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இத மட்டும் களட்டிக் குடுத்துருங்க அம்மிணி.”

“அப்பறம் டீம்ல இருக்கறவங்ககூட எப்படிங்கய்யா பேசுவீங்க?”

அவர் குனிந்து, மேசைக்கடியில் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

வசந்தாமணிதான் அருகில் வந்து சொன்னார்.

“அந்த டீமுல எங்க பையன் ஆடறானுங்க. எங்ககூடக் கோவிச்சுட்டு ஊட்ட உட்டுப் போனவன். நாலு வருசமாச்சு, ஃபோன் பண்ணுனா எடுக்க மாட்டான். அவன் ஆடற பேரு மட்டும் எங்களுக்குத் தெரியும். யாரோ மேச்சேரிப் பையனாட்டம் ஒரு பேர வெச்சு நாங்களும் உள்ள பூந்துட்டோம்.”

மோகனப்பிரியா மைக்கைத் திருகிக் கழற்றினாள்.

“இவரு வழி தெரியாம முழிச்சா, அவந்தான் திரும்பி வந்து கூட்டிட்டுப் போவான்” என்று சொல்லும்போது வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “‘பயப்படாம எம் பொறத்தாலயே வாடா தம்பி, அண்ணன் இருக்கறன்’ம்பான்.”