வால் கொழுப்பு

"வாயைத் திறம்மா, மருமகளே!"

பெரிய மாமனார் ஸெய்த்கலி கையை நீட்டினார். விரல்களுக்கு நடுவே ஆட்டின் வால் கொழுப்பு, உப்பில் வெந்து பளபளத்தது. பெரியவர் கையால் ஊட்டுவது ஆசீர்வாதம். வேண்டாம் என்ற மருமகள் அந்த ஊரில் இதுவரை இல்லை.

அயிம்கூல் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு வயது இருபத்தாறு. கர்ப்பத்தில் ஏறிய ரத்த அழுத்தம், பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகியும் இறங்கவில்லை.

"உங்கம்மா நாற்பத்து நாலு வயசுல மாரடைப்புல போயிருக்காங்க. உப்பையும் கொழுப்பையும் குறை. சின்ன வயசுதானேன்னு அசட்டையா இருக்காதே" என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாள்.

வீட்டில் அயிம்கூல் மூச்சு விடவில்லை. நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு வரும். ஆனால் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஊட்டிவிட்டுத்தான் போகிறார்கள். இந்த வாரம் இது மூன்றாவது விருந்து. நேற்றே தலை விண்விண்ணென்று தெறித்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"நிறுத்துங்க அத்தான்!" மாமியார் கூல்பார்ஷின் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இவளுக்கா வால் கொழுப்பு? இன்னிக்குக் காலையில டீகூட நான்தான் போட்டேன். மகாராணி தூங்கிட்டிருந்தா!"

விருந்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளை பெத்தவ வாய்க்குப் போறதைப் பறிக்கிறியே, நல்லாவா இருக்கு?" என்றாள் ஸெய்த்கலியின் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு. அத்தான், உங்க தம்பி மகனுக்கு ஊட்டுங்க. காலையிலேர்ந்து விறகு பிளந்திருக்கான்."

கொழுப்பு ஆஸ்கரின் வாய்க்குள் போனது. மென்றுகொண்டே மனைவியைப் பாவமாகப் பார்த்தான்.

"அப்போ இவளுக்கு?" என்றார் ஸெய்த்கலி.

"சமையல்கட்டுல ஏதோ மிச்சம் கிடக்கு, அது போதும். ஏய், உட்கார்ந்திருக்கியே? போய் வெந்நீர் வை!"

கண்ணீரை அடக்கிக்கொண்டு எழுந்து போனாள் அயிம்கூல். சமையல்கட்டு மேஜையில் ஒரு தட்டு மூடியிருந்தது. திறந்தாள். கொழுப்பில்லாத கறி, கேரட், உருளைக்கிழங்கு. ஆவி பறந்தது.

பின்னாலேயே வந்த மாமியார் கதவைச் சாத்தினாள்.

"சாப்பிடு. உப்பில்லாம தனியா வேக வெச்சேன். ருசி இருக்காது, என்னைத் திட்டாதே."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அயிம்கூலுடையது.

"அத்தே... நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கணும். அங்கே சொன்னா அவங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைச்சிடும். இப்போ என்னைப் பேசட்டும், எனக்குப் பழக்கம்தான்."

அயிம்கூலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆனா ஒண்ணு. தேயிலை டப்பாவுல மாத்திரை ஒளிக்காதே. முப்பது வருஷத்துக்கு முன்னால என்னோடதையும் என் மாமியார் அதுக்குள்ளேதான் கண்டுபிடிச்சாங்க. சாயங்காலத்துக்குள்ளே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

கூடத்திலிருந்து "டீ எங்கே?" என்று குரல் வந்தது.

கூல்பார்ஷின் காலால் முக்காலியை மருமகள் பக்கம் தள்ளினாள். மெல்ல, "உட்கார்ந்து நிதானமா சாப்பிடு" என்றாள்.

பிறகு கூடத்துக்குக் கேட்கும்படி கத்தினாள்: "சோம்பேறி! இன்னுமா வெந்நீர் கொதிக்கல?"